கள்ளுக்கடையை மூடினால் அடி நிற்குமா?

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் தொடங்கிய ராஜாஜி, மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ இதழை நடத்தினார். உடனிருந்து உழைத்தவர் கல்கி. 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜி பிரதமராயிருந்த சென்னை மாகாணத்தில், சேலம் மாவட்டத்தில்தான் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது. திருச்செங்கோடு அன்று அந்த மாவட்டத்தில் இருந்தது.

கூலிக்காசு கடை வாசலைத் தாண்டி வீடு வரவேண்டும் என்ற பெண்களின் தவிப்பை அரசியலாக்கியது அந்த இயக்கத்தின் பெருமை. ஆனால் அது அடித்தவனை விட்டுவிட்டுக் குடியைக் கூண்டில் ஏற்றியது. ‘தெளிஞ்சா தங்கமான மனுசன்’ என்ற சமாதானம் இன்றும் இங்கே செல்லுபடியாகிறது. குடிக்காமலே அடிப்பவனை என்ன செய்வது?

1983-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் வந்த 498-ஏ பிரிவு அவனுக்கு மூன்றாண்டு வரை சிறை என்றது. சரி, அன்றிரவு அவள் எங்கே படுப்பாள்? பெண்கள் இயக்கங்களும் ‘லாயர்ஸ் கலெக்டிவ்’ வழக்கறிஞர்களும் போராடிப் பெற்ற 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம்தான் இதற்குப் பதில் வைத்திருந்தது. வீட்டில் வசிக்கும் உரிமை, பாதுகாப்பு ஆணை, பராமரிப்புத் தொகை எல்லாம் அதில் உண்டு. செலவுக்குத் தராமல் வதைப்பதும் அதன்படி வன்முறையே. நம் குடும்பங்களை உள்ளே நின்று பார்த்து எழுதிய சட்டம் என்பேன்.

ஆனால் சட்டம் நடைமுறைக்கு வந்த 2006-இலேயே, மாமியார் பெயரிலுள்ள வீட்டில் மருமகளுக்கு உரிமையில்லை என்று பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரியவர்கள் பெயரிலேயே வீடு இருக்கும் ஊர்ப்பக்கத்தில் இது எத்தனை பேரை வெளியே நிறுத்தியிருக்கும்! 2020-இல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில்தான் அந்தத் தீர்ப்பு மாறியது.

அறுபது நாளில் மனுவை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடமாநிலம் போன கணவனுக்குச் சம்மன் சார்பு செய்வதற்குள் அதில் பாதி நாள் ஓடிவிடும்.

1992-இல் சென்னை ஆயிரம்விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையம், பெண் தயங்காமல் படியேற ஓர் இடம் தந்தது, மறுப்பதற்கில்லை. அங்கேயும் ‘அனுசரிச்சுப் போம்மா’ என்று ஊர்ப் பஞ்சாயத்தே நடப்பதுதான் குறை.

2005 சட்டப்படி மனு வாங்கும் பாதுகாப்பு அலுவலர் மாவட்டத் தலைநகரான நாமக்கல்லில் இருந்தால், தறிக்காரப் பெண் மனுக் கொடுக்கவே ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். வட்ட அளவிலும் இவர்களை நியமிக்கும்படி 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஏற்கெனவே பல வேலை பார்ப்பவரிடமே இதையும் கூடுதல் பொறுப்பாகக் கட்டிவிட்டால், உத்தரவு கோப்பில் மட்டும் நிறைவேறியிருக்கும்.