துலக்கிய பித்தளை

முதல் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பிய வீடுகளுக்குள் ஒரு பூச்சாடி நுழைந்தது. பீரங்கி சுட்டபின் எஞ்சும் பித்தளை உறைதான் அது. படைவீரர்களும் போர்க்கைதிகளும் அதில் இலையும் பூவும் செதுக்கினார்கள்; வெர்டன், ஈப்ர் என்று போர்க்களத்தின் பெயரைப் பொறித்தார்கள். இன்று 'அகழிக் கலை' என்ற பெயரில் அருங்காட்சியகங்களில் இருக்கிறது. வீரனின் கைத்திறன், வீரனின் நினைவு என்றே அதைப் பார்த்துப் பழகியிருக்கிறோம்.

அதன் கதை களத்தில் தொடங்கவில்லை. பிரிட்டனில் லட்சக்கணக்கான பெண்கள் வெடிமருந்து ஆலைகளில் வேலை செய்தார்கள். குண்டில் நிரப்பிய டி.என்.டி. பட்டு அவர்கள் தோல் மஞ்சளானது. மஞ்சள் குருவியான கேனரியின் பெயரை அவர்களுக்கு வைத்தார்கள். நச்சேறி இறந்தவர்களும் உண்டு. 1918 ஜூலை 1 அன்று நாட்டிங்ஹாம் அருகே சில்வெல் ஆலை வெடித்ததில் ஆண்களும் பெண்களுமாக 134 பேர் மாண்டார்கள். பெண் நிரப்பிய குண்டை ஆண் சுட்டான். அது இன்னொரு பெண்ணின் மகனைக் கொன்றது. வெற்றுறை வீடு திரும்பியது. அதைத் துலக்கும் வேலையும் பெண்ணுக்கே. பித்தளை துலக்குவது என்றால் என்னவென்று நமக்குத் தெரியும்: கறை இருந்த இடம் தெரியக்கூடாது.

ஆயுதத்தின் பளபளப்பை ஐயப்பட எனக்குக் கற்றுத்தந்தவர் ஔவையார். புறநானூற்றின் 95ஆம் பாட்டில், தூது வந்த அவருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிய ஆயுதங்கள். எங்கள் அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. வஞ்சப்புகழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாக ஆண்டுதோறும் இதை நடத்துகிறேன். நடத்தும்போதெல்லாம் பெருமிதம் கொள்கிறேன்.

ஆனால் அந்தப் பூச்சாடியைப் பற்றிப் படித்தபின் பாட்டு எனக்கு வேறாகத் தெரிகிறது. நெய் பூசிய வேலைக் கேலி செய்த ஔவை, முறிந்த வேலைத் தன் தலைவனின் புகழாக்கிவிடுகிறார். அதுவும் ஒரு துலக்கல்தான். குத்துப்பட்டவர் பகைவர், அவ்வளவே. அவருக்கு ஊரில்லை, தாயில்லை.

ஔவையைக் குறை சொல்வதாக மாணவிகள் வருந்தக்கூடும். தொண்டைமான் முன் அவர் தொடங்கிய கேள்வியைத்தான் நான் நீட்டுகிறேன்: அந்த நுனி யார் உடம்பில் முறிந்தது? வஞ்சப்புகழ்ச்சிக்குத் தேர்வில் மதிப்பெண் உண்டு. இந்தக் கேள்விக்கு வினாத்தாளில் இடமில்லை. இருந்தாலும் வகுப்பில் கேட்போம்.