கண்ணுக்கு மேலே இரண்டு ரோமம்

சீனத்துத் தரைவண்டுகள் என்று பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் காட்டுவது காராபஸ் லஃபோசெய் என்ற வண்டைத்தான். கிழக்குச் சீனத்தின் ஈரக் காடுகளில் இரவில் நத்தை தேடி அலைகிற இது மூன்றரை, நான்கு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். தலையும் கழுத்தும் செம்பும் பொன்னும் கலந்த நிறம். முதுகு மரகதப் பச்சை. அதன்மேல் வரிசைவரிசையாகக் கரிய புடைப்புகள். பின்கோடியில் இரண்டு சிறு கூர்கள். 1845இல் ஃபைஸ்டாமெல் என்ற பிரெஞ்சுக்காரர் இதற்குப் பெயர் வைத்த நாளிலிருந்து ஐரோப்பியச் சேகரிப்பாளர்களுக்கு இதன்மேல் தீராத மோகம். 1989இல் சீன அரசு இதையும் இதன் உறவான காராபஸ் டேவிடிஸ் வண்டையும் தேசியப் பாதுகாப்புப் பட்டியலின் இரண்டாம் நிலையில் சேர்த்தது. 2021இல் திருத்திய பட்டியலில் இதே பேரினத்தைச் சேர்ந்த இன்னும் சில வந்து சேர்ந்தன.

அழகு என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. இந்த நிறம் சாயமே அல்ல. ஓட்டின் மேற்பரப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த மெல்லிய அடுக்குகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் பிறப்பது. அதனால்தான் அருங்காட்சியகப் பெட்டியில் நூறாண்டு கிடந்தாலும் வெளுப்பதில்லை. உடலுக்குள்ளிருந்து கசிந்த கொழுப்பு படிந்து மங்கினால்கூட ஈதரில் கழுவி எடுத்தால் பழைய பளபளப்பு திரும்பிவிடும்.

ஆனால் வண்டை இனங்காணக் கற்க வருபவர் முதலில் மறக்க வேண்டியது இந்த நிறத்தைத்தான். ஒரே இனம் ஒரு மலையில் பச்சை, அடுத்த மலையில் செம்பு, அதற்கடுத்த மலையில் கறுப்பை ஒட்டிய ஊதா. காராபஸ் வண்டுகளுக்குப் பெரும்பாலும் பறக்கத் தெரியாது. பெரும்பாலானவற்றுக்கு உள்ளிறக்கை சுருங்கிப்போய்விட்டது. நடந்தே போக வேண்டும், ஆழமான பள்ளத்தாக்கைத் தாண்ட முடியாது. எனவே மலைக்கு மலை ஒரு சாயல். அந்தச் சாயல் ஒவ்வொன்றுக்கும் ஒரு கிளையினப் பெயரைச் சூட்டிக் கொண்டாடியிருக்கிறார்கள். உலகில் ஏறத்தாழ 1,000 இனங்கள் உள்ள காராபஸ் பேரினத்துக்குச் சீனாதான் பெருவீடு. ஆனாலும் அதன் கிளையினப் பட்டியலைப் படிக்கும்போது, அதில் ஒரு பங்கு வண்டைப் பற்றியதா, வண்டை விற்று வாங்கியவர்களைப் பற்றியதா என்ற ஐயம் எனக்கு வராமல் இருப்பதில்லை.

என் ரசனை கறுப்பு வண்டுகள் பக்கம். தரைவண்டுக் குடும்பத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 40,000 இனங்கள். சீனாவில் மட்டும் 3,000க்கு மேல் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி கறுப்பு, அல்லது கறுப்பை ஒட்டிய பழுப்பு. சிச்சுவான் மலைகளில் டெரோஸ்டிகஸ் பேரினத்தின் வண்டுகளைச் சேகரித்து ஒரு பெட்டியில் வரிசையாகக் குத்தி வைத்தால், பழகாத கண்ணுக்கு அது ஒரே வண்டின் நாற்பது பிரதிகள். பழகிய கண்ணுக்கு அங்கே ஒரு ஊரே இருக்கிறது.

அந்தக் கண் எதைப் பார்க்கிறது? மாட்டுச் சந்தையில் அனுபவசாலி ஒருவர் காளையின் உயரத்தையும் கொம்பையும் விட்டுவிட்டுச் சுழி எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்ப்பார். இங்கேயும் கதை ரோமத்தில்தான் தொடங்குகிறது. நுண்ணோக்கியின் கீழ் வண்டின் கண்ணுக்கு மேலே பாருங்கள். நீண்ட ரோமம் ஒன்றா, இரண்டா? ஒன்றே ஒன்று என்றால் பெரும்பாலும் விதை தின்னும் ஹார்பாலினி கூட்டம். இரண்டு என்றால் வேறு பல கூட்டங்களின் கதவு திறக்கிறது. அடுத்தது தாடை. அதன் வெளிப்பக்கக் குழிவில் ஒற்றை ரோமம் உண்டா? டெரோஸ்டிகஸுக்குக் கிடையாது, அதைப் போலவே தோற்றமளிக்கும் பாட்ரோபஸுக்கு உண்டு. பின்னர் கழுத்துத் தகட்டின் ஓரம், முதுகின் மூன்றாவது இடைவரி, வயிற்றின் கடைசித் தகடு. இந்த ரோமங்கள் முளைக்கும் இடம் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. உடல் பருத்தாலும் சிறுத்தாலும் அவை தம் இடத்தை விட்டு நகர்வதில்லை. செத்துக் காய்ந்த வண்டில் ரோமம் ஒடிந்துபோயிருக்கும். பரவாயில்லை, அது முளைத்த குழி இருக்கும். ஒளியைச் சாய்த்து வைத்துக் குழியை எண்ணுகிறவர்தான் உண்மையில் தேர்ந்தவர்.

முன்னங்காலில் ஒரு வெட்டு இருக்கிறது. உணர்கொம்பை அதில் வைத்து இழுத்து வண்டு தூசி தட்டிக்கொள்ளும். காராபஸில் அது காலின் நுனியருகே எளிமையாக இருக்கும்; பல கூட்டங்களில் நுனியைவிட்டு மேலேறி ஆழமான சீப்பாகியிருக்கும். மார்பின் அடிப்பக்கத்தில் பின்காலுக்கு முன்னே ஓரமாக ஒரு பக்கத்தகடு உண்டு. அது நீளமாக இருந்தால் இந்த வண்டு பறக்கக்கூடியது என்று ஊகிக்கலாம். குட்டையாகச் சதுரமாக இருந்தால் அதன் முன்னோர்கள் எப்போதோ பறப்பதைக் கைவிட்டுவிட்டார்கள். முதுகைத் திறந்து பார்க்கவே வேண்டாம். இந்த ஒரு தகட்டின் நீள அகலத்தில் ஒரு மலைத்தொடரின் வரலாறு அடங்கியிருப்பது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

கறுப்பு என்று சொன்னேன். அதையும் கொஞ்சம் திருத்த வேண்டும். பெரிதாக்கிப் பார்த்தால் முதுகு முழுக்க நுண்ணிய வலைப்பின்னல் தெரியும். சிலவற்றில் கண்ணிகள் ஒரே அளவாக, அறுகோணத்துக்கு நெருங்கியவையாக இருக்கும்; அவை மங்கலாகத் தெரியும். சிலவற்றில் கண்ணிகள் பக்கவாட்டில் நீண்டு நீண்டு, கடைசியில் நெருக்கமான இணைகோடுகளாகிவிடும். அந்தக் கோடுகள் ஒளியைப் பிரிக்கும். விளக்கை ஒரு கோணத்தில் திருப்பினால் கரிய முதுகில் வானவில் ஓடும். கையைச் சற்று அசைத்தால் மறைந்துவிடும். ஹார்பாலினிகளில் ட்ரைகோட்டிக்னஸ் போன்றவை இதில் கைதேர்ந்தவை. லஃபோசெய்யின் பச்சை எல்லோருக்கும் தெரிகிற பச்சை. இந்த வானவில் தேடுகிறவருக்கு மட்டும். அதோடு, இந்தக் கோடுகளின் நெருக்கமே இனத்தைச் சொல்லும் அடையாளமாகவும் இருக்கிறது.

(மூக்குக்கும் வேலை உண்டு. கிளேனியஸ் என்ற தரைவண்டைக் கையில் எடுத்தால் கிரெசால் நெடி அடிக்கும். கிழக்காசிய வயல்களில் திரியும் ஃபெரோப்சோஃபஸ் வண்டைப் பிடித்தால் 'பட்' என்ற சத்தத்தோடு கொதிக்கும் குவினோன் விரலில் தெறித்துப் பழுப்புக் கறை விழும். இதை இனங்காணத் திறவுகோல் எதுவும் தேவையில்லை.)

இவ்வளவும் செய்தபின்னும் நிறைய வண்டுகள் பிடி கொடுக்காது. அங்கேதான் ஆண் உறுப்பு வருகிறது. பிரெஞ்சு அறிஞர் ரெனே ஜானெல் 1926 முதல் 1930 வரை வெளியிட்ட, ட்ரெகினே என்ற தரைவண்டுத் துணைக்குடும்பம் பற்றிய பெருநூலில் இந்த உறுப்பின் வடிவத்தை வகைப்பாட்டின் நடுக்கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டார். வெளியே ஒன்றுபோல் தெரியும் இரு வண்டுகளின் உறுப்பு நுனி ஒன்றில் கொக்கியாக வளைந்திருக்கும், மற்றொன்றில் கரண்டியாக விரிந்திருக்கும். காராபஸ் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போய், உறுப்புக்குள் மடிந்து கிடக்கும் மென்பையை வெளியே ஊதி நிமிர்த்திப் பார்க்கிறார்கள். அது சுருங்காமல் நிற்க உள்ளே ஊசியால் ஏற்றுவது, சிலர் கையில், பற்பசை. நத்தை தின்னும் மலைவண்டின் குலமரபைத் தீர்மானிப்பதில் பல் விளக்கும் பசைக்கும் ஒரு பங்கு இருப்பதை எந்தக் கதாசிரியரும் கற்பனை செய்திருக்க மாட்டார்.

இந்த உறுப்புகளை வரையும் கோட்டோவியங்கள் தனி ரசனைக்குரியவை. பக்கத்தோற்றம் ஒன்று, மேல்தோற்றம் ஒன்று. தேவையற்ற நிழல் கிடையாது. ஃப்ரிட்ஸ் ஹீக்கே பெர்லினில் இருந்துகொண்டு ஆசியாவின் அமாரா வண்டுகளை ஒரு வாழ்நாள் முழுக்க இப்படித்தான் பிரித்துக் கொடுத்தார். அண்மைக்காலத்தில் ஷி ஹோங்லியாங், லியாங் ஹோங்பின் போன்ற சீன ஆய்வாளர்கள் டெரோஸ்டிகஸ் பற்றி வெளியிடும் கட்டுரைகளில் வண்ணப் புகைப்படங்கள் இருக்கின்றன, தெளிவாகவும் இருக்கின்றன. ஆனாலும் எதை விட வேண்டும் என்று தெரிந்த கை வரைந்த கோடு புகைப்படத்தைவிட அதிகம் சொல்லும் என்பது என் கட்சி.

சீன வண்டைச் சீனாவிலேயே பார்த்து முடிவு சொல்ல முடியாத காலம் ஒன்று நீண்டிருந்தது. முழுக்க முடிந்துவிட்டது என்று இப்போதும் சொல்ல மாட்டேன். பெயர் வைக்க ஆதாரமான மூலமாதிரிகள் உலகெங்கும் சிதறிக் கிடக்கின்றன. மேற்குலகுக்குப் பாண்டாவை அறிமுகப்படுத்திய பாதிரியார் ஆர்மான் டாவிட் அனுப்பிய வண்டுகளை டெய்ரோலும் ஃபேர்மேரும் 1878இல் விவரித்தார்கள். காராபஸ் டேவிடிஸ் அதில் ஒன்று. ரஷ்யப் பயணிகளான பிரெஜெவால்ஸ்கி, பொத்தானின் ஆகியோரின் பயணங்களில் கிடைத்தவை செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போயின. யாங்சி கரையின் ஜியுஜியாங்கில் பிராட் என்ற சேகரிப்பாளர் பிடித்தவற்றை, அமேசான் புகழ் ஹென்றி வால்டர் பேட்ஸ் இலண்டனில் விவரித்தார். பேட்ஸின் தரைவண்டுத் தொகுப்போ பிரெஞ்சுச் சேகரிப்பாளர் ஓபர்த்தூர் கைக்குப் போய் இன்று பாரிஸில் இருக்கிறது. 1962இல் டெரோஸ்டிகஸ் கூட்டத்துக்கு நூல் எழுதிய செக் அறிஞர் யெட்லிச்காவின் மாதிரிகளுக்குப் பிராக் போக வேண்டும். ஒரு பெயரை உறுதிசெய்ய இத்தனை நகரங்கள். நம் பக்கத்தில் ஆண்ட்ரூஸ் 1929லும் 1935லும் எழுதிய பிரிட்டிஷ் இந்தியத் தரைவண்டு நூல்களில் நீலகிரி வண்டுகளும் பர்மா வண்டுகளும் அடுத்தடுத்த பக்கங்களில் வரும். பர்மாவின் பேரினங்கள் பல எல்லையைத் தாண்டி யுன்னானுக்குள் தொடர்வதால், அங்கே வேலை செய்பவர்களும் அந்த நூல்களைத் திறக்காமல் இருக்க முடியாது.

யுன்னானின் மேற்கு ஓரத்தில், நூஜியாங் ஆற்றுக்கும் ஐராவதிப் படுகைக்கும் இடையே வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் காவோலிகோங் மலையில் டேவிட் கவனாக், லியாங் ஹோங்பின் முதலியோர் பல ஆண்டுகள் வண்டு எடுத்தார்கள். அந்தக் கட்டுரை வரிசையை நான் படிப்பது புதிய பெயர்களுக்காக அல்ல. ஒவ்வொரு இனத்துக்கும் எந்த உயரம், எந்தக் கல்லின் கீழ், ஓடையிலிருந்து எவ்வளவு தள்ளி, பகலிலா இரவிலா என்று எழுதியிருக்கும் குறிப்புகளுக்காக. பெட்டியில் குத்திய வண்டு அங்கே மறுபடி நடக்கத் தொடங்குகிறது. அம்மாதிரி மலைகளில் வாழும் லைஸ்டஸ் என்ற மெலிந்த வண்டின் தலைக்கு அடியில் முள்ரோமங்கள் கூண்டுபோல் நீட்டிக்கொண்டிருக்கும்; தாவித் தப்பும் வில்வால் பூச்சியை அமுக்கிப் பிடிக்கும் பொறி அது. இனங்காணும் அடையாளமாக நாம் எண்ணிக்கொண்டிருப்பது வண்டுக்குச் சாப்பாட்டுத் தட்டு.

இந்தக் கலையின் கடினமான சோதனை தெற்கே, குய்சோ, குவாங்சி சுண்ணாம்புக்கல் குகைகளில். ஜப்பானிய அறிஞர் உவெனோ ஷுன்-இச்சி தொடங்கி, குவாங்சோவின் டியன் மிங்யி வரை பலர் உள்ளே இறங்கி எடுத்த குகை ட்ரெகினிகளுக்குக் கண் இல்லை, பறக்கும் இறக்கை இல்லை, நிறமும் வெளிறிய தேன் பழுப்பு. 2017இல் டியனும் ஹுவாங்கும் குவாங்சியின் டுஆன் பகுதியிலிருந்து விவரித்த சூடைடிஸ் பெல்லஸ் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. தலையும் கழுத்தும் இழுத்து நீட்டிய இழை. கால்களும் உணர்கொம்புகளும் அதைவிட மெல்லிய இழைகள். பெயரிலேயே 'அழகானது' என்று எழுதிவிட்டார்கள், மறுக்க ஆளில்லை. ஆனால் வகைப்பாட்டாளர் இங்கும் வழக்கமான இடத்தில்தான் பார்க்கத் தொடங்குகிறார். கண் போன பின்னும், கண்ணுக்கு மேலே இருக்க வேண்டிய ரோமங்கள் பெரும்பாலும் தம் இடத்தில் நிற்கின்றன. தொட்டுத் தொட்டு வாழும் உயிருக்கு அவை முன்பைவிட அதிகம் தேவை, நீளமும் கூடியிருக்கும்.

அதன்பின் நெற்றியில் வளைந்தோடும் இரட்டைப் பள்ளம், முதுகின் பின்கோடியில் மடங்கித் திரும்பும் வரி, ரோமக்குழிகளின் கணக்கு. குகை இனங்கள் சில ஒற்றை மாதிரியை வைத்தே விவரிக்கப்பட்டவை. அந்த ஒன்று பெண்ணாக அமைந்துவிட்டால் பற்பசைக்கு வேலையில்லை. பெயர் முழுக்க இந்தக் குழிகளின்மேல்தான் நிற்கும். அப்போது ஆய்வாளர் விவரிப்பின் கடைசியில் 'ஆண்: தெரியவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த முறை நீர் வற்றும் பருவத்தில் கயிறும் தலைவிளக்குமாக அதே குகைக்குள் மறுபடி இறங்க வேண்டியதுதான்.