ஊர்காண் காதையும் ஒரு நாட் கொழும்பும்

மாவனல்லையிலிருந்து நண்பர்கள் ஐவர் ஒரு நாள் கொழும்பு பார்க்கப் போயிருந்தோம். 2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் அது. ஐவருள் இளையவர் இறப்பர்த் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். அப்பயணத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, பலமுறை திருத்தி, அண்மையில்தான் நம்மிடம் வாசிக்கத் தந்தார். ‘ஒளிக்காமல் சொல்லுங்கள் அண்ணே’ என்பது அவர் விதித்த ஒரே நிபந்தனை. அச்சேறாத கையெழுத்துப் பிரதிக்கு விமர்சனம் எழுதுவது வழக்கமன்று. ஆயினும் இக்கட்டுரையில் நாம் காணும் குறை அவர் ஒருவருடையதன்று. பயணக் கட்டுரை என்னும் பெயரால் தமிழில் நெடுங்காலமாக விளைந்துவரும் ஒரு பயிரின் குறை. ஆதலின், பெயர் சுட்டாமல் எழுதுவதற்கு அவருடைய இசைவைப் பெற்றுக்கொண்டே இதனை எழுதுகிறோம்.

முதலில் நிறையைச் சொல்லிவிடுவோம். நடை தெளிவானது, பிழை மிகக் குறைவு. தகவல்களைத் தேடித் திரட்டியிருக்கிறார். கொழும்பு நூதனசாலை 1877ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பட்டது, பழைய பாராளுமன்றக் கட்டடம் 1930இல் திறக்கப்பட்டது, தாமரைக் கோபுரம் ஏறத்தாழ 350 மீற்றர் உயரமுடையது என்றெல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறார். ‘கண்கொள்ளாக் காட்சி’ என்ற தொடர் நான்கு இடங்களில் வருகிறது. கடல் ‘நீலப்பட்டு விரித்தாற்போல்’ கிடக்கிறது. இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். எழுதப் பழகுகிறவர் எவரும் இந்தப் பட்டை ஒருமுறை விரித்தே தீருவார்.

பொறுக்க முடியாதது வேறு. கட்டுரையின் நடுவே தாமரைக் கோபுரத்தின் உச்சியிலிருந்து கண்ட கொழும்பு இரண்டு பந்திகளில் வருணிக்கப்படுகிறது. பேரை வாவி, துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், கடலை நிரவி எழுப்பிய புதிய நகரம் யாவும் அங்கே உள. ஆனால் அவர் அன்று கோபுரத்தில் ஏறவில்லை. தலை சுற்றுகிறது, நீங்கள் போய் வாருங்கள் என்று கூறிக் கீழேயே அமர்ந்துவிட்டார். நாமும் நம்பினோம். பிரதியை வாசித்தபின் கேட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அக்கோபுரம் அவ்வாண்டு செப்டெம்பர் 15இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது சாதாரண நுழைவுச்சீட்டு 500 ரூபா. வரிசையில் நில்லாமல் செல்ல 2000 ரூபா. தோட்டத் தொழிலாளருக்கு 2021இல் சட்டப்படி நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1000 ரூபா. விடியுமுன் எழுந்து மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டும் தாயாருடைய அரைநாட் கூலியைக் கொடுத்து மின்தூக்கியில் ஏற அவருக்கு மனம் வரவில்லை. நாம் அந்தச் சீட்டை வாங்கித் தந்திருப்போம். அது அவருக்கும் தெரியும். ஆகவேதான் தலை சுற்றியது.

இவ்வளவும் கட்டுரையில் இல்லை. கீழே அமர்ந்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில் அவர் எதைப் பார்த்தார் என்பதும் இல்லை. அவ்விடத்தில் மேலே ஏறியவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதிய வருணனை உட்கார்ந்திருக்கிறது. தம் கண்ணை மூடிக்கொண்டு பிறர் கண்ணைக் கடன் வாங்கும்படி ஓர் எழுத்தாளனைத் தூண்டுவது எது?

அவர் வாசித்துப் பழகிய முன்மாதிரிகளே தூண்டின என்போம். வாரப் பத்திரிகைகள் வளர்த்துவிட்ட பயணக் கட்டுரையில் பார்க்கிறவனுக்கு வயிறில்லை, பையில்லை, பிறந்த ஊரில்லை. வாகனம் வந்து நிற்கும், கட்டடம் உயர்ந்து நிற்கும், அதன் உயரமும் வயதும் கூறப்படும், ஒரு வேடிக்கை நிகழும், அடுத்த இடம். வழியை எடுத்துக்கொள்வோம். எங்கள் பஸ் கேகாலை, வரக்காப்பொளை, நிட்டம்புவ என்று கொழும்புக்கு இறங்கிய அந்தக் கண்டி வீதி, 1820களில் எட்வர்ட் பார்ன்ஸ் ஆளுநராக இருந்த காலத்தில், இராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பைக் கொண்டு வெட்டப்பட்டது. கொழும்புக் கோட்டையில் பார்ன்ஸுக்குச் சிலை உண்டு. தூரங்களே அச்சிலையடியிலிருந்துதான் அளக்கப்படுகின்றன. வீதியமைத்த பொறியியலாளர் டோசனுக்கு, மாவனல்லையிலிருந்து மலையேறினால், கடுகண்ணாவையில் கோபுரம் உண்டு. நண்பரின் கட்டுரையில் இது ‘வழவழப்பான வீதி’. அவ்வளவே.

இதற்குப் பழைய இலக்கியத்தையே காரணங்காட்டுவோர் உளர். நகரைப் புகழ்வது தமிழ் மரபு, மதுரைக்காஞ்சியில் ஒரு பகலும் ஓர் இரவும் நகரின் பெருமையே பேசப்படவில்லையா, பட்டினப்பாலையில் ஈழத்து உணவு உட்படப் புகாரில் வந்து குவிந்த பண்டங்களே எண்ணப்படவில்லையா என்பர். உண்மைதான். பண்டம் வந்தது தெரிகிறது. அதை விளைத்தவன் தெரிவதில்லை. ஆனால் மரபு அத்தோடு முடிந்துவிடவில்லை. ஒரு நாள் நகர் பார்த்தல் என்பதையே பொருளாகக் கொண்டு இளங்கோவடிகள் ஒரு காதை செய்திருக்கிறார். நம் பயணக் கட்டுரையாளர் எவரும் அதைத் தமது துறையின் முதல் நூலாகக் கொண்டதாகத் தெரியவில்லை.

ஊர்காண் காதையின் கதை எளியது. கோவலன் கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டு, மதுரைக்குள் சென்று, நாள் முழுதும் வீதி வீதியாகப் பார்த்து, மாலையில் மதிற்புறத்துக்குத் திரும்புகிறான். இரத்தினக் கடைவீதி, பொற்கடை, அறுவைக் கடை, தானியக் கடை, கணிகையர் வீதி எல்லாவற்றையும் காண்கிறான். மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் நகர் வருணனைதான். ஆனால் பார்க்கிறவன் யார்? பொருளெல்லாம் தொலைத்தவன், மனைவியின் காற்சிலம்பை விற்றுப் பிழைக்க வந்தவன். கணிகையர் வீதியைக் கவி நீளப் பாடுவதற்கும், அவ்வீதிகளில் நடப்பவன் மாதவியைப் பிரிந்து வந்தவன் என்பதற்கும் தொடர்பில்லை என்று யார் கூறுவார்? கண்ணின் வரலாறு தெரிந்தால்தான் காட்சி பொருள்படுகிறது.

இன்னும் ஒன்று. இரத்தினக் கடைவீதியில் வைரம், மரகதம், மாணிக்கம், முத்து என ஒவ்வொன்றின் குணமும் குற்றமும் நுணுக்கமாகப் பிரித்துரைக்கப்படுகின்றன. இதனை ஆசிரியரின் மணிநூற் புலமைக்குச் சான்றாகக் காட்டிவிட்டு உரையாசிரியர்கள் நகர்ந்துவிடுகின்றனர். நமக்கு வேறு தோன்றுகிறது. கல்லுக்குள் இருக்கும் மயிரிழைக் கீற்றையும் கண்டுபிடிக்கத் தெரிந்த நகரம் அது. அடுத்து வரும் நாட்களில், கோவலன் கையிலிருந்த சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்க அந்நகரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவன் வெட்டுண்ட பிறகே அது உடைபடுகிறது. கல்லைச் சோதிக்கும் கலை அங்கே இருந்தது. ஏழை வழிப்போக்கனின் சொல்லைச் சோதிக்கும் பழக்கம் இல்லை. இரத்தினபுரியை அயலில் வைத்துக்கொண்டு வாழும் சப்பிரகமுவை வாசகருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கொழும்புக்கும் அத்தகைய ஒரு சோதனைக் கலை உண்டு. தேயிலை ஏலம் 1883இல் அங்கே தொடங்கியது. ஒரு மிடறு வாயில் வைத்துத் துப்பி, இது மேட்டுநிலத் தேயிலை, இது தாழ்நிலத் தேயிலை, இது அதிகம் வாடவிட்டது, இது சூடு மிஞ்சியது என்று கூறும் சுவைஞர்கள் இன்றும் உள்ளனர். இலையின் குற்றம் அவர்களுக்குத் தப்பாது. கொழுந்தெடுத்தவளைப் பற்றி அந்தக் கோப்பையில் ஒன்றும் இல்லை. 2020 முதல் ஏலம் கணினி வழியாக நடப்பதால் சுற்றுலாப் பயணி எட்டிப் பார்ப்பதற்கும் அங்கே கூடமில்லை. நண்பர்கள் நாமும் அதைத் தேடிப் போகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

நூதனசாலைக்குப் போனோம். வாசலில் ஆளுநர் கிரகரியின் சிலை நிற்கிறது. கட்டடத்தைக் கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார். திறப்பு விழாவில் என்ன வெகுமதி வேண்டுமென்று கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் இதை மூடிவைத்தால் போதும் என்றாராம். இந்தச் செவிவழிச் செய்தியை எங்களோடு வந்த முஸ்லிம் நண்பர் சிலையடியில் நின்றே சொன்னார்; எல்லோரும் சிரித்து மகிழ்ந்தோம். கட்டுரையில் கிரகரி இருக்கிறார், மரைக்கார் இல்லை. உள்ளே, 1409ஆம் ஆண்டைச் சேர்ந்த காலி மும்மொழிக் கல்வெட்டின் முன் இளைய நண்பர் நெடுநேரம் நின்றார். சீனக் கப்பற்படைத் தலைவன் செங் ஹோ கொண்டுவந்த அக்கல்லில் சீனமும் பாரசீகமும் தமிழும் உள்ளன. தமிழ்ப் பகுதி தென்னாவரம் நாயனாருக்கு அளித்த காணிக்கையைக் கூறுகிறது. ‘அப்போது நம்மையும் ஓர் ஆளாக மதித்து எழுதியிருக்கிறார்கள்’ என்றார் அவர். அன்றைய பொழுதில் பேசப்பட்டவற்றுள் மிகச் சிறந்த வாக்கியம் அதுவே. கட்டுரையில் அதைத் தேடினோம். ‘பல அரிய பொருட்கள்’ என்றிருந்தது.

பிறகு காலிமுகத்திடல். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் முடித்த நடைபாதை அது. கொழும்புச் சீமாட்டிகளும் குழந்தைகளும் பயன்பெறும்பொருட்டு, தமக்குப் பின்வருவோர் இதனைப் பேணவேண்டும் என்று கல்லில் பொறித்துவைத்தார். சில மாதங்களுக்கு முன்புவரை அப்புல்வெளியில் கூடாரங்கள் நின்றன. ஒரு சனாதிபதியை நாட்டைவிட்டு ஓடச் செய்த மக்கள் அங்கே இருந்தார்கள். அருகிலேயே பழைய பாராளுமன்றம். நண்பர் அதன் தூண்களை வருணிக்கிறார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அத்தூண்களுக்கு உள்ளேதான் நிறைவேறியது. அவருடைய பாட்டியாரை நாடற்றவராக்கியது அச்சட்டம். 2003இல் வந்த சட்டத்தின் பின்னரே அம்மூதாட்டி இந்நாட்டுப் பிரசையானார். பாட்டனாரின் தம்பியோ 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ்த் தலைமன்னாரில் கப்பலேறியவர். இவையெல்லாம் அவருக்குத் தெரியாதவையல்ல. நமக்கே அவர்தான் சொன்னார். சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அலையில் நின்றபோது, ‘இந்தியா எந்தப் பக்கம்?’ என்று அவர் கேட்டார். வடக்கே என்று காட்டினோம். சிறிது நேரம் அப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நீலப்பட்டு விரிந்தது அதன் பின்னர், வீட்டில், விளக்கடியில்.

இவற்றை அவரிடம் கூறியபோது அவர் சினந்தார். அச்சினத்தில் நியாயம் உண்டு. ஆகவே அதையும் பதிவுசெய்ய வேண்டும். ‘வருசம் முழுக்கக் கஷ்டந்தான். ஒரு நாள் போய்ச் சந்தோசமாகப் பார்த்துவிட்டு வந்தேன். அதையும் அழுதுதான் எழுதணுமா? தோட்டத்துப் பிள்ளை கடலைப் பார்த்துக் கவலைப்பட்டால்தான் உங்களுக்கு இலக்கியமா?’ என்றார்.

நம் அணியினர்க்கு இக்கேள்வி தைக்கத்தான் வேண்டும். புதுமைப்பித்தன் 1930களில் ‘பொன்னகரம்’ எழுதினார். நகரின் புகழுரைக்குள்ளே ஒரு சந்தினைத் திறந்து காட்டினார். அதன்பின் நம்மவர்கள் நகரத்துக்குப் போனால் சேரியைத் தவிர வேறொன்றும் கண்ணிற்படுவதில்லை. துன்பத்தைப் பட்டியலிடுவதும் ஒருவகை நீலப்பட்டுத்தான். அந்தக் குற்றத்தை நாம் மறுக்கவில்லை.

ஆனால் நாம் கேட்டது அழுகையன்று. அன்று மகிழ்ச்சி இருந்தது, மெய்யான மகிழ்ச்சி. காலிமுகத்திடலில் இறால் வடை நான்கு தின்றுவிட்டு, ஐந்தாவதைத் தாயாருக்கென்று தாளில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்தவர் அவரே. எண்ணெய் ஊறிய அந்தச் சட்டையோடு பஸ்ஸின் கடைசி ஆசனத்தில் கடவத்தை தொடங்கி வரக்காப்பொளை வரை பாடிக்கொண்டு வந்தவரும் அவரே. கட்டுரை இதனைச் ‘சுவையான சிற்றுண்டிகள்’, ‘இனிய பயணம்’ என்று முடித்துவிடுகிறது. துயரத்தை மறைத்த அதே கை மகிழ்ச்சியையும் மறைத்துவிட்டது என்பதே நமது முறையீடு. கோவலனும் அன்று மாலை மகிழ்ந்துதான் திரும்புகிறான். மதுரை தீதற்ற ஊர் என்று கவுந்தியடிகளிடம் புகழ்ந்துரைக்கிறான். அம்மகிழ்ச்சியை இளங்கோவடிகள் ஒரு சொல்லாலும் குறைக்கவில்லை. அவன் இன்னான் என்று நமக்குச் சொல்லிவைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

கீழே அமர்ந்திருந்த அந்த ஒரு மணி நேரம் என்ன செய்தீர் என்று இறுதியாகக் கேட்டோம். கோபுரத்தின் காவற்பணியிலிருந்த ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தாராம். அவரும் தோட்டத்துப் பிள்ளையாம். அதுவரை உச்சிக்குப் போனதில்லையாம். இருவரும் தத்தம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவைப் பற்றிப் பேசினார்களாம். பிரதியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறோம். உச்சியிலிருந்து கண்ட இரண்டு பந்திகளை மட்டும் நாமே கோடிட்டு அடித்தோம், அவர் ஆட்சேபிக்கவில்லை.