அரும்பு என்று குறித்த பையன்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு உயிரெழுத்து சொல்லிக்கொடுப்பதை ஒளித்துச் செய்யவேண்டிய காலம் ஒன்று இருந்தது. பார்வைக்கு வருகிறவர் பாடக்குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, "எட்டாவது பாடம் நடக்கணுமே, நீங்க இன்னும் அ, ஆ போட்டுக்கிட்டிருக்கீங்களே டீச்சர்?" என்பார். எட்டாவது பாடத்தை எடுத்தால் பத்துப் பிள்ளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளையின் நிலையறிந்து கற்பிக்கச் சொல்லும் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைக் குறைசொல்ல உட்காரும்போது, அந்தத் திருட்டுத்தனத்துக்கு அது முடிவு கட்டியதை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது எனக்கு. பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கு என்பது 2022இல் இந்தத் திட்டத்தோடு புதிதாக முளைத்த யோசனை அல்ல. ரிஷிவேலிப் பள்ளியின் அட்டைமுறையைப் பார்த்து, மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் முயற்சியில், 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தது. அம்பத்தூர் அப்போது மாநகராட்சியில் சேராத தனி நகராட்சி என்பதால், எங்களுக்கு அந்தச் சுற்றில்தான் வந்தது. சுவரில் ஏணிப்படம், தரைமட்டத்துக்குக் கரும்பலகை, தலைக்குமேல் கம்பிப் பந்தலில் பிள்ளைகள் வரைந்த படங்கள். ஊர்த் திருவிழாவுக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வருகிற பிள்ளை, விட்ட படியிலிருந்தே ஏறலாம். அழகான ஏற்பாடு. ஆனால் ஓர் அட்டை தொலைந்தால் அடுத்த படிக்கு வழியில்லை. நான் பாதி நேரம் அட்டை தேடுகிறவளாக இருந்தேன். அதைவிடப் பெரிய இழப்பு, நாற்பது பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு கதை கேட்பது குறைந்துபோனது. சேர்ந்து சிரிக்காத வகுப்பு என்னைப் பொறுத்தவரை வகுப்பே அல்ல.

எண்ணும் எழுத்தும் அந்தச் சிரிப்பைத் திருப்பிக் கொண்டுவந்தது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய பிள்ளை, 2022 ஜூனில் மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது பென்சில் பிடிக்கவே தடுமாறியது. அந்த ஜூன் 13ஆம் தேதி திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் மூன்று வகுப்புகளுக்கு, பிள்ளையின் கற்றல் அளவைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகள். பாட்டு, கதை, பொம்மலாட்டம் எல்லாருக்கும் பொது. மறுவருடம் நான்கு, ஐந்துக்கும் விரிந்தது.

பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று சோதிக்கும் மதிப்பீட்டை வெறும் சுமை என்று தள்ளுகிற சக ஆசிரியர்களோடு நான் முழுக்க ஒத்துப்போக மாட்டேன். முன்வரிசையில் சமர்த்தாக உட்காரும் இரண்டு பெண்கள் மணிமணியாக வாசிப்பார்கள் என்று நம்பியிருந்தேன். அறிமுகமில்லாத சொல் ஒன்றைத் தனியாகக் காட்டியபோதுதான் வெளிச்சமானது, இருவரும் பாடத்தை மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறார்கள். என் கண்ணை மட்டும் நம்பியிருந்தால் அவர்கள் ஐந்தாம் வகுப்பு வரை அப்படியே போயிருப்பார்கள்.

தகராறு எங்கே வருகிறது என்றால், மதிப்பீட்டு முடிவை அடிக்கடி கைபேசிச் செயலியில் ஏற்றச் சொல்லும்போது. ஒரு நாள் ஒரு பிள்ளையைச் சோதித்துக் கைபேசியில் பதிந்துகொண்டிருக்கிறேன், வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "டீச்சர், டீச்சர்" என்று பக்கத்தில் ஒரு சின்னவள் சிலேட்டை நீட்டினாள். "இரும்மா" என்றேன், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். நிமிர்ந்தபோது அவள் எச்சில் தொட்டு அழித்துவிட்டிருந்தாள். பெயரில் வரும் 'ழ'வை முதல்முறை சரியாகப் போட்டிருந்தாளாம், பக்கத்திலிருந்தவள் சொன்னாள். மாதம் ஒருமுறை நோட்டில் குறித்து, பருவத்துக்கு ஒருமுறை ஏற்றினால் போதாதா? சோதனை ஆசிரியருக்குப் பயன்படும். அதன் அவசரம் வேறு யாருக்கோ.

இன்னொரு குறை ஆழமானது. தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் வகுப்புகளில் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள் இல்லாத வருடம் இல்லை. லேத் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகன், மூன்றாம் வகுப்பு. வீட்டில் ஒடியா, பட்டறைக்காரர்களோடு இந்தி, தெருவில் தமிழ். அண்ணாச்சி கடையில் அப்பாவுக்காகப் பேரம் பேசுகிறவன் அவன்தான். தமிழ் எழுத்து தெரியாததால் அரும்பு என்று குறித்தேன், விதிப்படி சரி. ஆனால் அந்தச் சொல் நிலையைக் குறிப்பதோடு நிற்காமல் ஆளைக் குறிக்க ஆரம்பித்துவிட்டது. "டீச்சர், அரும்பு கிள்ளுறான்" என்று ஒரு நாள் புகார் வந்தது. பூப்பெயர் வைத்தால் புண்படாது என்று நினைத்தவர்கள், எட்டு வயதுப் பிள்ளைகளின் காதைக் கணக்கில் எடுக்கவில்லை. கழித்தலில் கடன் வாங்குவதைத் தாளில் தப்பாகப் போடுவான், கடையில் மீதிச் சில்லறையில் ஒரு ரூபாய் விடமாட்டான். இதைக் குறிக்கச் செயலியில் இடமில்லை. அவனைக் குழுக்குழுவாக மாற்றி உட்காரவைத்துப் பார்த்தேன். கணக்குக்கு மலர்க் குழுவில் கடைக்காரனாக்கினேன். அது கையேட்டில் இல்லாத ஏற்பாடு.

வருடக் கடைசியில் அப்பாவுக்கு ஒரகடம் பக்கம் வேலை கிடைத்து டி.சி. வாங்க வந்தார்கள். பையன் ஒரு பை சாக்லேட்டோடு வகுப்புக்குள் நுழைந்தான். எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "முப்பத்திரண்டு பேர், ஆளுக்கு ரெண்டு, அறுபத்துநாலு. மீதி ஆறு டீச்சருக்கு."