திருத்தத் திருத்தத் தெளிந்த மனம்

பிரெஞ்சு எழுத்தாளர் லா ரோஷ்ஃபுக்கோவை மனிதர்மேல் நம்பிக்கை இழந்த கசப்பாளர் என்று சொல்லி முடித்துவிடுவது பழைய வழக்கம். அவருடைய ‘மாக்ஸிம்’ என்ற குறுவாசக நூலின் பதிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் அந்த முடிவு நிற்காது.

1613இல் உயர்குடியில் பிறந்தவர் அவர். அரசுக்கு எதிராகப் பிரபுக்கள் கிளர்ந்தெழுந்த ஃப்ரோந்த் கலகத்தில் சேர்ந்தார். 1652இல் பாரிஸ் எல்லையில் நடந்த சண்டையில் முகத்தில் குண்டடிபட்டுப் பார்வையே போகும் நிலைக்கு ஆளானார். கலகம் தோற்றபின் மதாம் த சாப்லேயின் இலக்கிய வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தார். அங்கே வாசகம் எழுதுவது கூட்டுவேலை. அந்த அம்மையார், எழுத்தாளர் ழாக் எஸ்ப்ரி, லா ரோஷ்ஃபுக்கோ மூவரும் எழுதியதைக் கடிதத்தில் அனுப்பி, திருத்தி, திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சாப்லே வீட்டுச் சமையல் பேர்போனது. ஒரு கடிதத்தில் தன் வாசகங்களுக்குக் கைம்மாறாகக் கேரட் சூப்பும் ஆட்டிறைச்சிக் குழம்பும் கேட்கிறார் பிரபு. கைப்பிரதி நண்பர்களிடையே சுற்றியபோது மதாம் த லஃபாயெத் அதிர்ந்துபோனார். இப்படியெல்லாம் நினைக்க நெஞ்சு எவ்வளவு கெட்டிருக்க வேண்டும் என்று சாப்லேக்கு எழுதினார். பின்னாளில் லா ரோஷ்ஃபுக்கோவுக்கு மிக நெருங்கிய தோழி அவர்தான்.

1665இல் வந்த முதல் பதிப்பில் 300க்குச் சற்று மேற்பட்ட வாசகங்கள். 1678இன் ஐந்தாம் பதிப்பில் 504. முதல் பதிப்பின் வாசலிலேயே தற்காதலைப் பற்றிய நெடிய பகுதி ஒன்று நின்றது. அடுத்த பதிப்பில் அதை எடுத்துவிட்டார். முன்பு தீர்ப்பாக ஒலித்த பல வரிகளில் ‘பெரும்பாலும்’, ‘அடிக்கடி’ போன்ற சொற்கள் வந்து சேர்ந்தன. இதை வெறும் நாகரிகத் தணிப்பாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. நற்செயலின் அடியில் உள்ள நோக்கம் செய்தவருக்கே முழுதாகப் புலப்படுவதில்லை என்பது அவர் கண்டது. பொறாமைக்குள் காதல் எவ்வளவு, தற்காதல் எவ்வளவு என்று அவர் பிரித்துப் பார்ப்பதும் இந்தக் கவனத்தோடுதான். 1948இல் ஆய்வாளர் போல் பெனிஷூ, வீரநாயகன் என்ற இலட்சியத்தைத் தகர்த்தவர்களில் ஒருவராக அவரைக் கண்டார்; 1977இல் ழான் லஃபோன் அவரை, மனித இயல்பின் சீர்கேட்டை வலியுறுத்தும் புனித அகஸ்தீனின் மரபில் வைத்தார். இரண்டும் வலுவான வாசிப்புகள். ஆனாலும் திருத்தங்களில் தெரியும் தயக்கத்துக்கு இன்னும் கூடுதல் இடம் தர வேண்டும் என்பேன்.

மனித இயல்பைக் குறுங்குறிப்புகளில் எழுதும் இந்தப் பிரெஞ்சு வரிசையில் அடுத்து வந்த லா ப்ரூயேரின் பார்வை உள்ளத்தைவிட ஊரின்மேல் பதிந்தது. 1688இல் 420 குறிப்புகளோடு வந்த அவருடைய ‘கரக்தேர்’ நூல், அவர் காலத்திலேயே 1,100ஐத் தாண்டியது. வயல்வெளியில் வெயிலில் கறுத்து, மண்ணைக் கிண்டிக்கொண்டிருக்கும் ஏதோ விலங்குகளை முதலில் காட்டுகிறார். அவை நிமிர்ந்ததும் மனித முகம் தெரிகிறது. பதினான்காம் லூயியின் பிரான்ஸில், இளவரசர் குடும்பத்தை அண்டி வாழ்ந்த ஒருவர் உழவரைப் பற்றி இதை எழுதினார் என்பது இன்றும் என்னை உலுக்குகிறது.

போர்க்களக் குளிரில் உடல் நொடிந்து 31 வயதில் இறந்த வோவெனார்க், உணர்ச்சிகளின் பக்கம் நின்றவர். இந்த வரிசையில் கனிவு மிகுந்தவர் அவரே.

அதே வரிசையின் பிற்காலத்தவரான ஷாம்ஃபோர் பெரிய மனிதர்களின் உலகை உள்ளிருந்து பார்த்தவர், பிரெஞ்சுப் புரட்சியை வரவேற்றவர், அதன் பயங்கரக் காலத்துக்கே இரையாகி 1794இல் இறந்தவர். துண்டுச் சீட்டுகளில் எழுதிவைத்ததை நண்பர் ழெங்கெனே 1795இல் நூலாக்கினார். வரிசையும் தலைப்புப் பிரிவும் பதிப்பாசிரியருடைய கைவேலை. சீட்டுகளில் பல தொலைந்தும் போயின. லா ரோஷ்ஃபுக்கோவிடம் ஒரு வரி மாறிவந்த வழியை ஐந்து பதிப்புகளில் தொடரலாம். ஷாம்ஃபோரிடம் எந்தச் சீட்டு முந்தியது, எது அவர் மனத்தில் முடிவான வடிவம் என்று ஊகிக்க மட்டுமே முடியும்.