ஸ்ரீவைகுண்டத்தில் உதயசூரியன் இல்லை

ஆதிச்சநல்லூரில் ஒரு தி.மு.க.காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊர் ஸ்ரீவைகுண்டம் சட்டமன்றத் தொகுதிக்குள் வருகிறது. 2006, 2009 இடைத்தேர்தல், 2011, 2016, 2021 என்று ஐந்து முறை அவர் வாக்குச்சாவடிக்குப் போயிருப்பார். ஐந்து முறையும் இயந்திரத்தில் உதயசூரியனைத் தேடியிருந்தால் கிடைத்திருக்காது. தொகுதி ஒவ்வொரு முறையும் காங்கிரசுக்குப் போய்விட்டது. கட்சி சொன்னதற்காகக் கைச் சின்னத்தில் அழுத்திவிட்டு வந்திருப்பார். மனமில்லாவிட்டால் வீட்டிலேயே இருந்திருப்பார்.

முதல் இரண்டு முறை கை வென்றது. 2009இல் அ.தி.மு.க. தேர்தலையே புறக்கணித்ததால் அதை ஒரு வெற்றி என்று சேர்த்துக்கொள்வதா என்பது வேறு விஷயம். 2011இல் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் கை தோற்றது. 2016இல் 3,531 வாக்கில் நழுவியது. 2021இல் ஊர்வசி அமிர்தராஜ் 17,372 வாக்கு வித்தியாசத்தில் எஸ்.பி. சண்முகநாதனைத் தோற்கடித்தார். 2001, 2011, 2016 என மூன்று முறை வென்று அமைச்சராகவும் இருந்தவர் சண்முகநாதன். இரட்டை இலைக்கு இங்கே தெரிந்த முகம் ஒன்று இருந்தது. எதிர் அணிக்கோ செல்வராஜ், சுடலையாண்டி, ராணி வெங்கடேசன், அமிர்தராஜ் என்று முகம் மாறிக்கொண்டே வந்தது.

மே மாதம் எண்ணி அறிவிக்கப்படும் முடிவில் பாதி, மார்ச் மாதமே அறிவாலயத்திலும் ராயப்பேட்டையிலும் எழுதப்பட்டுவிடுகிறது. தொகுதிப் பங்கீடு என்னும் இந்த வழக்கத்தைத் திட்டாதவர்கள் குறைவு. கொள்கை இல்லாத கூட்டு, சந்தர்ப்பவாதம், பேரம் என்பவை வழக்கமான வசவுகள். எனக்கென்னவோ திட்ட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ திட்டிக்கொண்டிருக்கிறோம் என்றே படுகிறது.

இந்த வழக்கம் கணக்கிலிருந்து பிறந்தது. 1967 தேர்தலில் காங்கிரஸ் 41.1 விழுக்காடு வாக்கு பெற்றது. தி.மு.க. பெற்றது 40.7. ஆனால் ஆட்சிக்கு வந்தவர் அண்ணா. ராஜாஜியின் சுதந்திராக் கட்சி, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட், முஸ்லிம் லீக் என்று ஒன்றோடொன்று ஒட்டாத கட்சிகளை ஒரே பக்கம் நிறுத்தி, காங்கிரசுக்கு எதிரான வாக்குகள் சிதறாமல் அவர் பார்த்துக்கொண்டார். தி.மு.க.வுக்கு 137 இடம், காங்கிரசுக்கு 51. அந்தத் தேர்தலில் ஸ்ரீவைகுண்டத்தில் வென்றவர் சி.பா. ஆதித்தனார். நாம் தமிழர் கட்சியைத் தொடங்கி நடத்தியவர், உதயசூரியன் சின்னத்தில் நின்றார். பேரவைத் தலைவரானார், பின்னர் அமைச்சருமானார். அவருடைய கட்சி தி.மு.க.வில் கரைந்துபோனது. பங்கீட்டினால் வரும் லாபமும் நட்டமும் இந்தத் தொகுதியில் அன்றைக்கே தெரிந்துவிட்டன.

ஒரு வாக்கு கூடுதலாக வாங்கினாலும் வென்றவர் அவரே என்பது நம் தேர்தல் சட்டம். இந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு விஜயகாந்தின் தே.மு.தி.க.வைவிட நல்ல சாட்சி இல்லை. 2006இல் தனித்து நின்று 8.38 விழுக்காடு வாங்கியது; கிடைத்தது விருத்தாசலம் ஒன்றுதான். 2011இல் அ.தி.மு.க.வோடு சேர்ந்து, முன்பைவிடக் குறைவாக 7.88 விழுக்காடு வாங்கியது. கிடைத்தது 29 இடம். அதே தேர்தலில் 22 விழுக்காட்டுக்கு மேல் வாங்கிய தி.மு.க.வுக்கு 23 இடம். எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் விஜயகாந்த் உட்கார்ந்தார். தூத்துக்குடிக்கு எதிர்க்கரையில், 1977இல் இலங்கையிலும் இதே கூத்து நடந்தது. சிறீமாவோவின் சுதந்திரக் கட்சி 30 விழுக்காட்டை ஒட்டி வாங்கி 8 இடத்தில் நின்றது. அதில் கால்வாசி வாக்குகூட வாங்காத தமிழர் விடுதலைக் கூட்டணி 18 இடம் பெற்று, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். அதன் பிறகு இலங்கை விகிதாசார முறைக்கு மாறிக்கொண்டது. நாம் சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு கூட்டணியால் சமாளிக்கிறோம்.

சமாளிப்பதும் நன்றாகவே நடக்கிறது. கூட்டணி கலைந்த ஆண்டுகளைப் பாருங்கள். 1989இல் அ.தி.மு.க. இரண்டாகப் பிரிந்து, காங்கிரஸ் தனியாக நிற்க, மூன்றில் ஒரு பங்கு வாக்கோடு தி.மு.க. 150 இடங்களை அள்ளியது. 2016இல் இடதுசாரிகளும் விடுதலைச் சிறுத்தைகளும் இருந்த மக்கள் நலக் கூட்டணி தனியே போய் ஓர் இடமும் பெறவில்லை. 1952 முதல் அதுவரை இடதுசாரிகள் இல்லாத பேரவை என்று ஒன்று இருந்ததில்லை. அந்தத் தேர்தலில் அதுவும் நடந்தது. 2021இல் தி.மு.க. அணிக்குள் வந்ததும் இரு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் இரண்டிரண்டு இடம் கிடைத்தது. விடுதலைச் சிறுத்தைகள் வென்ற நான்கில் நாகப்பட்டினமும் திருப்போரூரும் பொதுத் தொகுதிகள். தலித் தலைமையில் இயங்கும் கட்சி ஒன்றுக்குப் பொதுத் தொகுதியில் ஊரே சேர்ந்து வாக்களிக்க வைத்தது இந்தப் பேரம்தான். கொள்கை பேசும் எத்தனையோ மேடைகள் செய்யாத வேலை இது.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. முதலில் எண்ணிக்கை, பிறகு எந்தெந்தத் தொகுதி, கடைசியில் யார் என்ற வரிசையில் பங்கீடு நடக்கிறது. இந்தக் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளை வாய் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் எடுப்பார்கள்; உள்ளே முத்து உண்டா என்பது எடுத்தவர் பாடு. காங்கிரஸ் தமிழ்நாட்டில் தொகுதி வாங்கியதும் அப்படித்தான். 2006இல் 48 இடத்தில் நின்று 34 வென்றது. அதை நம்பி 2011இல் தி.மு.க.வை நெருக்கி 63 இடம் வாங்கியது. நாயன்மார் கணக்கு என்று ஊர் சிரித்தது, வென்றது 5. 2016இல் 41க்கு 8. 2021இல் 25 என்று சுருக்கியபோதுதான் 18 வந்தது. 2016இல் இரு பெரிய அணிகளுக்கும் இடையே மாநிலம் முழுக்க வித்தியாசம் ஏறத்தாழ ஒரு விழுக்காடு. ஸ்ரீவைகுண்டத்தின் 3,531 போன்ற தோல்விகள் சேர்ந்துதான் ஜெயலலிதாவை மீண்டும் கோட்டைக்கு அனுப்பின. அந்த இடங்களில் உள்ளூர் தி.மு.க.காரர் யாராவது நின்றிருந்தால் வென்றிருப்பாரா என்பதற்கு விடை கிடையாது. ஆனால் கேள்வியைத் தொகுதியில் யாரும் கேட்கவே இல்லை. வாக்கு சேகரிக்க ஆள் வராமல் போவதற்கும், கூடவே நின்று உள்ளடி வேலை பார்ப்பதற்கும் விதை அங்கேதான் இருக்கிறது.

இதைவிடப் பெரிய குறை, பதில் சொல்ல வேண்டியவர் நழுவிவிடுவது. 2018 மே 22இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச்சூடு நடந்து 13 பேர் இறந்தார்கள். அதற்குப் பின் வந்த முதல் சட்டமன்றத் தேர்தலில், தூத்துக்குடித் தொகுதியை அப்போதைய ஆளுங்கட்சியான அ.தி.மு.க. தமிழ் மாநிலக் காங்கிரசுக்குக் கொடுத்துவிட்டது. சின்னம் இரட்டை இலை, ஆள் வேறு கட்சிக்காரர். கீதா ஜீவன் 50 ஆயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் வென்றார். கணக்கைத் தீர்க்க வந்த வாக்காளருக்கு இலை கிடைத்தது; ஆட்சியில் இருந்த கட்சியின் வேட்பாளர் கிடைக்கவில்லை.

ஸ்ரீவைகுண்டத்தில் இதுவே மறுபக்கமாக நடந்தது. ஆதிச்சநல்லூர் அகழாய்வு நகர்ந்தது எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் போட்ட வழக்கினால். 2020 மத்திய பட்ஜெட்டில் ஊர்ப் பெயர் வந்த பிறகு அங்கே அருங்காட்சியகத்துக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார்கள். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை மூன்றும் தூத்துக்குடி மாவட்டத்து ஊர்கள். அங்கே கிடைத்தவற்றுக்காக மாநில அரசு எழுப்பிய பொருநை அருங்காட்சியகமோ நெல்லையை அடுத்த ரெட்டியார்பட்டிக்குப் போனது. 2021இல் இந்தத் தொகுதியில் வென்ற உறுப்பினர் ஆளும் அணியைச் சேர்ந்தவராகத்தான் இருந்தார். கோரிக்கை வைக்க முடிந்தது, பேரவையில் பேச முடிந்தது. முடிவெடுக்கும் அமைச்சரவையில் அவருடைய கட்சிக்கு நாற்காலி இருக்கவில்லை. அரசைக் கடிந்துகொள்ளவும் கூட்டணி தர்மம் விடவில்லை.

இது கூட்டணியின் இயல்பு என்று சொல்லிவிட முடியாது. கேரளத்தில் முஸ்லிம் லீகும் கேரளக் காங்கிரஸ் பிரிவுகளும் துறைகளைக் கேட்டு வாங்குகின்றன. துறை கெட்டால் பழியும் அவர்களுக்கே. சென்னையிலும் 1967க்கு முன் ராஜாஜி, காமராசர் அமைச்சரவைகளில் காமன்வீல் கட்சியின் மாணிக்கவேல் நாயக்கரும் உழைப்பாளர் கட்சியின் ராமசாமி படையாட்சியும் இருந்தார்கள். 1967 முதல் 2021 வரை எந்தத் தேர்தலுக்குப் பின்னும் தோழமைக் கட்சியை அமைச்சரவையில் சேர்த்ததில்லை. 2006இல் 96 இடத்தோடு, பெரும்பான்மைக்குத் தோழர்களின் ஆதரவையே நம்பி ஆட்சி நடத்தியபோதும் தி.மு.க. அதற்கு இணங்கவில்லை. வாக்கைக் கூட்டுவதற்குத் தோழமை, அதிகாரத்தைப் பிரிப்பதற்குத் தனிக்கட்சி என்பதே இங்கே நடைமுறையாக இருந்தது. ஆட்சியிலும் அதிகாரத்திலும் பங்கு என்று திருமாவளவன் கேட்டுவந்ததைப் பதவி ஆசை என்று கேலி செய்பவர்கள், பங்கு இருந்தால் பொறுப்பும் இருக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பங்கீடே வேண்டாம் என்று நிற்பவர்களும் உண்டு. பக்கத்து ஒட்டப்பிடாரத்தில் 1996இல் இரு பெரிய அணிகளையும் எதிர்த்து வென்ற கிருஷ்ணசாமி, 2016இல் தி.மு.க. அணியில் நின்று 493 வாக்கில் தோற்றார். ஆதித்தனாரின் கட்சிப் பெயரை எடுத்துக்கொண்ட சீமான், அவர் போன வழியில் போகவில்லை. 2021இல் 6.58 விழுக்காடு வாங்கியும் ஓர் இடமும் இல்லை. 2024 மக்களவைத் தேர்தலில் 8 விழுக்காட்டைத் தாண்டி, மாநிலக் கட்சி அங்கீகாரம் கிடைத்தது. கட்சி பிழைத்தது, ஆனால் 2021இல் அதற்கு வாக்களித்தவர்களுக்காகப் பேரவையில் பேச ஆளில்லாமல் போனது. இதை வழி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சட்டத்தைத் தொடாமலே மாற்றக்கூடியது ஒன்று உண்டு. அது சின்னம். 2021இல் தி.மு.க.வுக்கு 133 இடம் என்று பதிவாகியிருப்பதில் 8 இடம் ம.தி.மு.க. உள்ளிட்ட தோழமைக் கட்சிகளுடையது. உதயசூரியனில் வென்றதால் ஏட்டில் அவர்கள் தி.மு.க. உறுப்பினர்களாக, அந்தக் கட்சியின் கொறடாவுக்குக் கட்டுப்பட்டவர்களாக இருந்தார்கள். புதுச் சின்னம் கொண்டுபோனால் மக்கள் குழம்பிவிடுவார்கள் என்பது பெரிய கட்சிகள் சொல்லும் காரணம். 2024இல் திருச்சியில் ம.தி.மு.க. தனிச் சின்னத்தில்தான் நிற்போம் என்று அடம்பிடித்து, வாக்குப்பதிவுக்குச் சில வாரங்களே இருக்கும்போது தீப்பெட்டியை வாங்கி வந்தது. துரை வைகோ 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.