நஷீதும் கிளிமீனும்

கடல் மட்டம் உலக சராசரியில் வருஷத்துக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் உயர்கிறது. இதை எப்படி சினிமா எடுப்பீர்கள்? காமிராவைக் கரையில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் பத்து வருஷத்தில் 4 சென்டிமீட்டர் கிடைக்கும். கணுக்கால்கூட நனையாது. எந்தத் தயாரிப்பாளர் பணம் போடுவார்?

'தி ஐலண்ட் பிரசிடென்ட்' (2011) எடுத்த அமெரிக்க டைரக்டர் ஜான் ஷெங்க் இதற்குக் கண்டுபிடித்த வழி நம் கோடம்பாக்கத்துக்கு நன்றாகத் தெரிந்த வழிதான். கடலை விட்டுவிட்டு ஒரு ஹீரோவைப் பிடித்துக்கொண்டார்.

அருமையான ஹீரோ என்பதில் சந்தேகமில்லை. மாலத்தீவில் மாமூன் அப்துல் கயூம் முப்பது வருஷம் ஆண்டார். அவரை எதிர்த்து எழுதி, பேசி, பலமுறை ஜெயிலுக்குப் போய், தனிமைச் சிறையில் கிடந்து, 2008 தேர்தலில் அவரையே தோற்கடித்து ஜனாதிபதி ஆனவர் முகமது நஷீத். ஒல்லியான உருவம், சிரித்த முகம். அவருடைய முதல் வருஷ ஆட்சியைக் காமிரா கூடவே இருந்து பார்க்கிறது. 2009 அக்டோபரில் மந்திரிசபையையே காற்று சிலிண்டர் மாட்டி, கடலுக்கடியில் மேஜை போட்டு உட்கார வைத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் முதல் பக்கத்தில் போட்ட அந்தக் கூட்டம் இதில் உண்டு. ஆகாயத்திலிருந்து பார்த்தால் நீலப் பட்டில் யாரோ மோதிரங்களைக் கொட்டிவிட்டது போலத் தீவுகள். பின்னணியில் ரேடியோஹெட் குழுவின் இசை. டொரான்டோ திரைப்பட விழாவில் ரசிகர்கள் தேர்ந்தெடுத்த சிறந்த டாகுமென்டரி இதுதான்.

க்ளைமாக்ஸ் 2009 டிசம்பர், கோபன்ஹேகன் மாநாடு. இங்கேதான் படம் உண்மையிலேயே நிமிர்ந்து உட்கார வைக்கிறது. மூடிய கதவுகளுக்குப் பின்னால் பேரம் நடக்கிறது. பெரிய நாடுகளெல்லாம் நகர மறுக்க, சில லட்சம் ஜனங்களின் பிரதிநிதியாக ஒருவர் ஒவ்வொருவரையும் பிடித்து வாதாடுகிறார். உப்புச் சப்பில்லாத ஒரு காகிதமாவது கையில் கிடைக்கட்டும் என்பதா, வெறுங்கையோடு வீட்டுக்குப் போவதா? முதல் வழியை எடுத்தார் நஷீத். வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தலாமா என்பதைப் பிறகு பரிசீலிப்போம் என்று ஒரு வரி அதில் நுழைந்தது. 2015 பாரீஸ் ஒப்பந்தத்தில் அந்த 1.5க்குக் கொஞ்சம் மரியாதையான இடம் கிடைத்தது. 2024ம் வருஷத்தின் சராசரி அந்த 1.5ஐயும் தாண்டிவிட்டது. அது வேறு சோகம்.

சரி, குறை எங்கே? படம் முடிந்து வெளியே வருகிறவர் மனதில் தங்குவது ஒரே ஒரு வாக்கியம். பெரிய நாடுகள் புகை விடுகின்றன, சின்ன நாடு மூழ்குகிறது. இது பொய்யில்லை. ஆனால் பாதிக் கதை. மீதிப் பாதி மாநாட்டு மண்டபத்தில் இல்லை, தீவின் காலடியில் இருக்கிறது. அங்கே இருப்பது மணல்.

மாலத்தீவின் மணல் நம் மெரினா மணல் மாதிரி மலை கரைந்து ஆற்றில் வந்ததல்ல. அங்கே மலையும் இல்லை, ஆறும் இல்லை. கிளி மூக்கு போல வாய் உள்ள ஒரு மீன், பேரும் கிளிமீன்தான், பவளப்பாறையைக் கடித்து அரைத்துத் தின்று, வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைப் பின்பக்கமாக வெள்ளை வெளேரென்று வெளியே விடுகிறது. ஹனிமூன் ஜோடிகள் வெறுங்காலோடு நடந்து உருகுவது பெரும்பாலும் இதன் மேல்தான். வக்காரு என்ற தீவைப் பற்றி 2015ல் வந்த ஆய்வு, அங்கே புதிதாக உண்டாகும் மணலில் 85 சதவிகிதத்துக்கு மேல் இந்த மீனின் உபயம் என்கிறது.

இது வெறும் வேடிக்கைத் தகவல் இல்லை. பவளத்தீவு செத்த மண் மேடு அல்ல. பெரிய அலை தீவின் மேல் ஏறும்போது மணலையும் கூடவே கொண்டுவந்து மேலே கொட்டிவிட்டுப் போகும். தீவு ஒரு பக்கம் கரையும், மறுபக்கம் வளரும். பசிபிக்கில் மூழ்கப் போகிறது என்று எல்லோரும் அழும் டுவாலுவின் 101 தீவுகளை ஆராய்ந்து 2018ல் ஒரு கட்டுரை வந்தது. 1971 முதல் 2014 வரை கடல் உயர்ந்துகொண்டிருந்தபோதே மொத்த நிலப்பரப்பு 2.9 சதவிகிதம் கூடியிருந்தது! 'அப்போ ஒன்றும் ஆகாது' என்று துள்ளிக் குதிக்க வேண்டாம். நிலம் இருந்தால் மட்டும் குடியிருக்க முடியாது, கிணறு உப்பாகக் கூடாது. தவிர, மணல் வந்துகொண்டே இருந்தால்தான் இந்த வித்தை நடக்கும். மணல் வர, பவளம் உயிரோடு இருக்க வேண்டும். 1998லும் 2016லும் மாலத்தீவுக் கடல் சூடாகிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப் போயின. அதற்குப் பழி வெளியுலகத்தின் மேல்தான்.

ஆனால் மணலை அள்ளுவது யார்?

தலைநகர் மாலே ஏறக்குறைய 2 சதுர கிலோமீட்டர். அதில் லட்சத்துக்கு மேல் ஜனம். ஒரே அறையில் மூன்று தலைமுறை படுக்கிற வீடுகள் உண்டு. அவர்களிடம் போய்ப் பவளத்தின் அருமையைச் சொன்னால் அடிக்க வருவார்கள். எனவே 1997லிருந்து கடலடி மணலை உறிஞ்சிக் கொட்டி ஹுல்ஹுமாலே என்ற புதுத் தீவை உண்டாக்கினார்கள். இயற்கைத் தீவுகளைவிடக் கொஞ்சம் உயரமாகவே, சுமார் 2 மீட்டர். கெட்டிக்காரத்தனம்தான். பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. விமான நிலையம், துறைமுகம், ரிசார்ட், எதற்கெடுத்தாலும் ட்ரெட்ஜர். குல்ஹிஃபல்ஹுவிலும் அட்டுவிலும் டச்சுக் கம்பெனிகள் உறிஞ்சின. கிளறிய சேறு பவளத்தின் மேல் படிந்தால் அது மூச்சு முட்டிச் சாகும். நாளைக்குத் தீவை உயர்த்த வேண்டிய மணல் தொழிற்சாலையை இன்றைக்கு வீடு கட்ட மூடுகிறார்கள். இதைவிடப் பெரிய டிராஜெடி எந்த மாநாட்டில் கிடைக்கும்? ஷெங்கின் காமிரா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அட்டு வேலைக்குக் கடன் கொடுத்தது இந்தியாவின் எக்ஸிம் வங்கி. தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டட சாமானும் மாலேக்குப் போவது ரொம்ப நாள் வழக்கம். 2024-25ல் அவர்களுக்கு 10 லட்சம் டன் ஆற்று மணலும் 10 லட்சம் டன் ஜல்லியும் அனுப்ப இந்தியா அனுமதி கொடுத்தது. நம் ஆறுகளில் என்ன மிச்சம் இருக்கிறது என்பதைத் தனியாக எழுத வேண்டும்.

தண்ணீர்க் கதையும் இப்படித்தான். தீவுக்கு அடியில் மழைநீர், உப்புநீரின் மேல் ஒரு லென்ஸ் மாதிரி மிதக்கிறது. அளவோடு இறைத்தால் இருக்கும், பேராசைப்பட்டால் உப்பு ஏறும். திருவான்மியூரில் போர் போட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாலே தன் லென்ஸை எப்போதோ உறிஞ்சித் தீர்த்துவிட்டது. இப்போது குடிப்பது கடல்நீரைச் சுத்தம் செய்த தண்ணீர். 2014 டிசம்பரில் அந்த ஆலையில் தீப்பிடித்து ஊரே தாகத்தில் தவித்தபோது, இந்தியா விமானத்தில் தண்ணீர் அனுப்பியது. 2020க்குள் கார்பன் இல்லாத நாடு ஆவோம் என்று நஷீத் சொன்னதும் நடக்கவில்லை. மின்சாரம் இன்னும் பெரும்பாலும் டீசலில்தான் வருகிறது. டூரிஸ்ட்டுகள் மட்டும் 2024ல் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். மூழ்குவதற்குள் பார்த்துவிட வேண்டுமே!

நஷீதைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். 2012 பிப்ரவரியில் அவர் பதவி இழந்தார், துப்பாக்கி முனையில் என்றார். அடுத்த மாதம் அமெரிக்கத் தியேட்டர்களில் படம் வந்தபோது பிரசிடென்ட் பிரசிடென்டாக இல்லை. 2021ல் வெடிகுண்டுத் தாக்குதலில் படுகாயமடைந்து பிழைத்தார். மனிதர் தைரியசாலி. படம்தான் அவருடைய தைரியத்திலேயே மயங்கி, அவர் நிற்கும் தரையைப் பார்க்க மறந்துவிட்டது.

அவசியம் பாருங்கள், கோபன்ஹேகன் காட்சிகளுக்காகவாவது. அடுத்து யாராவது மாலத்தீவைப் படம் எடுக்கப் போனால் காமிராவை ஒரு ட்ரெட்ஜரின் மேல்தளத்தில் வைக்கலாம். ராத்திரி பகலாக ஓடுகிற யந்திரம். நிறைய ஆக்‌ஷன் இருக்கும். மில்லிமீட்டர் பிரச்னையே கிடையாது.